செஞ்சியா, வேலூரா, ஆலம்பரையா: சென்னையிலிருந்து ஒரு நாளில் ஒரு கோட்டை

சித்தி மகள் போன் செய்தாள். “அக்கா, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்குது. ஏதாவது கோட்டைக்குக் கூட்டிட்டுப் போன்னு பையன் உயிரை எடுக்கிறான். செஞ்சியா, வேலூரா? ஈசிஆர்ல இடிஞ்ச கோட்டை ஒண்ணு இருக்காமே, அதுவா?” காரில் நாலு பேர்: அவள், கணவர், பத்து வயதுப் பையன், அறுபத்தெட்டு வயது மாமியார். வீடு தாம்பரத்தில்.

மார்கழி, தை வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதற்கு, ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எந்தக் கோட்டைக்கு வரலாறு அதிகம் என்று ஆரம்பித்தால் முடிவே எடுக்க முடியாது. மூன்றிலும் அது வேண்டிய மட்டும் இருக்கிறது. போதாததற்கு மூன்று கதையும் ஆற்காட்டு நவாப் வீட்டு வாசலில் வந்துதான் முட்டும். 1714-ல் செஞ்சியின் தேசிங்கு ராஜனை வென்றவர் நவாப் சாதத்துல்லா கான். அவருடைய சகோதரர் மகன் தோஸ்த் அலி கான் காலத்தில் எழுந்தது ஆலம்பரை. தோஸ்த் அலியின் மகன் சஃப்தர் அலி 1742-ல் சொந்தக்காரர் கையாலேயே கொலையானது வேலூரில். ஆகவே வரலாற்றை ஓரமாக வைத்துவிட்டு வேறு நாலைப் பாருங்கள்.

முதலில் முழங்கால். உடன் வருபவர்களில் யாருக்கு முழங்கால் மிக மோசமோ, அவருக்கு அந்த நாள் எப்படிப் போகும் என்று யோசியுங்கள். அடுத்தது கடிகாரம். தொல்லியல் துறையின் கோட்டைகள் மாலை 5 மணிக்கு மூடும், கோயில்களோ மதியம் 12-லிருந்து 4 வரை நடை சாத்திக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாள் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது சாப்பாடும் கழிவறையும். பெண்கள், வயதானவர்கள் இருந்தால் இதைக் கிளம்பும் முன்பே யோசிக்க வேண்டும், போய் இறங்கி அல்ல. நாலாவது செலவு. பெட்ரோல் விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாயில் சொல்லாமல் லிட்டரில் சொல்கிறேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், சுற்று ஊர்களுக்கும் சேர்த்து.

| | செஞ்சி | வேலூர் | சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை |
|---|---|---|---|
| சென்னையிலிருந்து சுமாராக | 160 கி.மீ. | 140 கி.மீ. | 70, 105 கி.மீ. |
| ஏற்றம் | கடுமை | இல்லை | இல்லை, மணலில் நடை உண்டு |
| பெட்ரோல், போக வர | 24 லிட்டர் | 21 லிட்டர் | 16 லிட்டர் |
| கார் இல்லையென்றால் | பஸ் | ரயில், காட்பாடி வரை | ஈசிஆர் பஸ், அப்புறம் ஆட்டோ |
| சாப்பாடு | ஊருக்குள் போக வேண்டும் | கோட்டையைச் சுற்றிலும் | சாலையோரக் கடைகள் |
| தவிர்க்க வேண்டிய நாள் | அமாவாசை, பௌர்ணமி, கோடை | வெள்ளிக்கிழமை | ஞாயிறு மாலை, மழைக்காலம் |

## செஞ்சி: கால் இருந்தால் இதுதான்

திண்டிவனத்தில் ஜிஎஸ்டி சாலையை விட்டுத் திரும்பி முக்கால் மணி நேரம் போனால், பாறையைக் குவித்து வைத்த மாதிரி மலைகள் தெரிய ஆரம்பிக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் வளைத்து ஓடுகிற மதில். கோனார்கள் தொடங்கி நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி, அப்புறம் முகலாயர், நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்த இடம். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ள, முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை கோட்டையைச் சுற்றி நின்றது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அதற்கப்புறம் விடுமுறை நாட்களில் கூட்டம் கூடியிருக்கிறது.

எட்டு வருஷமாக ஒரு படை ஏன் கீழேயே நின்றது என்று தெரிய வேண்டுமானால் ராஜகிரி ஏற வேண்டும். உயரம் சுமார் 800 அடி. படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று அரை அடி இருக்கும், அடுத்தது முழங்கால் வரை வரும். முதல் பாதி ஏறுவதற்குள் சட்டை நனைந்துவிடும். உச்சிக்குச் சற்று முன்னால் மலை வெடித்துப் பிளந்த மாதிரி ஒரு இடுக்கு வருகிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் இப்போது ஒரு பாலம் இருக்கிறது, அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் கதை முடிந்தது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் ஈரக் காற்று முகத்தில் அடிக்கும். சுற்றிலும் வெயிலில் கொதிக்கும் பாறை, அந்த இடுக்கில் மட்டும் குளிர்ச்சி. பத்து பேர் போதும், இதைக் காக்க. இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, காற்று.

ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம், மேலே அரை மணி என்று வையுங்கள். மதியத்துக்குப் பின் வருபவர்களை ராஜகிரிக்கு ஏற விடமாட்டார்கள். இது தெரியாமல் பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, அடிவாரத்தில் நின்று மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். தாம்பரத்திலிருந்து என்றால் காலை 5.30-க்குக் கார் நகர்ந்தால் சரியாக இருக்கும்.

ராஜகிரி வேண்டாம், ஆனால் ஏதாவது ஏற வேண்டும் என்பவர்களுக்கு, சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி இருக்கிறது. உள்ளூரில் ராணிக்கோட்டை என்பார்கள். பாதி உழைப்பு, கூட்டமும் குறைவு, மேலே குவிமாடம் போட்ட அழகான மண்டபம். ஏறவே முடியாதவர்களுக்கு ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகால், குதிரை லாயம், களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் சமதரையில் இருக்கின்றன. நிதானமாகச் சுற்றினால் இரண்டு மணி நேரம் போகும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப் போனவை என்பார்கள். அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கோயிலுக்குள் அனுப்புங்கள், தூண்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

நுழைவுக் கட்டணம் நபருக்கு 25 ரூபாய்தான். மற்ற செலவுகள் சொல்லாமல் வரும். முதலாவது குரங்கு. பிளாஸ்டிக் பை கையில் தெரிந்தால் அது உங்கள் பை அல்ல. எங்கள் எலுமிச்சை சாதத்தை மூட்டையோடு இழந்தது பாதி மலையில், அதற்கு மேல் பசியோடுதான் ஏறினோம். சாப்பாட்டைக் காரில் விட்டுவிட்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை மட்டும் முதுகுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே எதுவும் விற்பதில்லை. இரண்டாவது காலண்டர். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் போகிற வண்டியெல்லாம் செஞ்சி வழியாகத்தான் போகும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அன்று நிற்கக்கூட இடமிருக்காது. கிளம்பும் முன் தினசரித் தாளைக் கிழித்துப் பாருங்கள். மூன்றாவது, ஞாயிறு மாலை செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வரும் நேரம். அதைப் பெட்ரோல் கணக்கில் சேர்க்க முடியாது, முதுகுவலிக் கணக்கில் சேர்க்கலாம்.

சுற்று ஊர்களில்தான் செஞ்சிக்குப் போட்டியே இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி சிங்கவரத்தில், நூற்றுச் சொச்சம் படி ஏறினால் பாறையைக் குடைந்த பல்லவர் கோயிலில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். தேசிங்கு போருக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. பக்கத்திலேயே திருநாதர்குன்று. பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கிறது. டிக்கெட் இல்லை, கூட்டமில்லை, பல நாள் ஆடு மேய்ப்பவர் ஒருவர்தான் துணை. விழுப்புரம் சாலையில் போனால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் வெட்டி வைத்த குடைவரை. திரும்புகிற வழியில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடமும் கோயிலும். இவ்வளவையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள். ராஜகிரி ஏறினால் கூட ஒன்று, ஏறாவிட்டால் மூன்று.

இளவட்டங்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கல்வெட்டுப் பைத்தியங்கள்: செஞ்சி. சித்திரை, வைகாசியில் யாராக இருந்தாலும் வேண்டாம். மழை பெய்த மறுநாளும் பாறை வழுக்கும்.

## வேலூர்: எல்லோரையும் கூட்டிப் போகலாம்

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். முதல் கேலி 1981-லேயே செத்துவிட்டது. அந்த வருஷம் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி வைத்தார்கள். பாலாற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கோட்டையின் பெரிய வசதி, அது நகரத்தின் நடுவில் தட்டையாக இருப்பது. 16-ம் நூற்றாண்டில் நாயக்கர்கள் கட்டிய கருங்கல் மதில், சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அகழி, உள்ளே 133 ஏக்கர். ஆட்டோ உள்ளே வரை போகும். நுழையக் கட்டணம் கிடையாது. கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் இருக்கும் யாளிகளின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாது. அந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டு போகத் திட்டமிட்டார்கள், வந்த கப்பல் மூழ்கிவிட்டது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ரசித்துக் கேளுங்கள்.

ஆனால் வேலூரின் கதை 1806 ஜூலை 10-ன் கதை. புதுத் தொப்பியைப் போடு, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவில் புகைந்த சிப்பாய்கள் விடிவதற்குள் கோட்டையைப் பிடித்து, திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். திப்புவின் பிள்ளைகள் இதே கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அன்றே அடக்கிவிட்டார். நீங்கள் காரில் வரும் வழியில் ஆற்காட்டைத் தாண்டியபின் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர் வர அரை மணி ஆகும். அந்தத் தூரத்தைக் குதிரையில் கற்பனை செய்யச் சொன்னால் பையன்கள் அமைதியாகிவிடுகிறார்கள், கொஞ்ச நேரத்துக்கு.

கோட்டைக்குள் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது. கோயிலை 12-க்குள் முடித்துவிட்டு, நடை சாத்திய நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் போவதுதான் சரியான வரிசை. வெயிலுக்கும் ஒதுங்கின மாதிரி ஆயிற்று. பலர் தலைகீழாகச் செய்துவிட்டுப் பூட்டிய கோயில் வாசலில் நிற்கிறார்கள். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832-ல் வேலூர்ச் சிறையிலேயே இறந்தார், அவருடைய சமாதி அங்கே. பத்து நிமிடம் போதும், ஆனால் போய்விட்டு வாருங்கள்.

மறைமுகச் செலவு இங்கே பொற்கோயில். ஸ்ரீபுரம் பக்கம்தானே என்று திருப்பினால் நாள் அங்கேயே போய்விடும். நட்சத்திர வடிவப் பாதையில் நீண்ட நடை, வரிசை, போனை வெளியே கொடுத்துவிட்டுப் போவது, எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம். அதற்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள். இரண்டாவது ஆம்பூர் ஆசை. பிரியாணிக்காக இன்னும் 50 கிலோமீட்டர் போய், இரண்டும் கெட்டுத் திரும்புவார்கள். வேலூர்க் கடைகளிலேயே நல்ல பிரியாணி கிடைக்கும். ஆஸ்பத்திரிப் பக்கத் தெருக்களில் வங்காளிப் பெயர்ப் பலகைகளோடு மீன் சோறும் கிடைக்கும். சிகிச்சைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேர்.

சுற்று ஊர் என்றால் ராணிப்பேட்டையும் ஆற்காடும். தேசிங்கு இறந்தபின் உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாக, அவனைக் கொன்ற நவாபே வைத்த பெயர் ராணிப்பேட்டை என்பது வழக்கு. ஆற்காட்டில் பழைய தலைநகரின் மிச்சம் டெல்லி கேட் ஒன்றுதான், அதைக் கார் ஜன்னலில் பார்த்தால் போதும். நிறுத்த வேண்டியது மக்கன் பேடா கடையில். பார்வைக்கு அமுக்கி வைத்த குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும். ஸ்பூனால் வெட்டினால் உள்ளே முந்திரி, பாதாம் எல்லாம் பொடியாக நறுக்கி அடைத்திருப்பார்கள். பாகு சொட்டச் சொட்டச் சாப்பிடுவது கடையிலேயே நடக்கட்டும். வீட்டுக்கு வாங்கிப் போனால் பாகு கார் சீட்டுக்குத்தான் போகும்.

கார் இல்லாதவர்களுக்கு மூன்றில் வேலூர்தான் சுலபம். பெங்களூர் பக்கம் போகிற ஏதாவது ரயிலில் இரண்டு மணி நேரத்தில் காட்பாடி, அங்கிருந்து டவுன் பஸ். கார் பெட்ரோலில் ஒரு துளிதான் செலவு.

## சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை: அரை நாள் கோட்டைகள்

இவை இரண்டும் சேர்ந்துதான் ஒரு நாள். தனித்தனியாக அவ்வளவு கனமில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. மெல்லிய துணி வாங்கி ஏற்றுமதி செய்ய வந்தவர்கள். அவர்களுடைய கல்லறைக் கற்கள்தான் பார்க்க வேண்டியவை. எழுத்தும் சித்திரமும் நேற்று வெட்டின மாதிரி கூர்மையாக இருக்கின்றன. கல்லறைப் பகுதி பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள், திறந்துவிடுவார். முக்கால் மணி நேரம் போதும்.

ஆலம்பரை கடப்பாக்கத்தில் ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் திரும்ப வேண்டும். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை, 2004 சுனாமியிலும் அடிபட்டது. மதில் துண்டுகள் கழிமுகத்து மணலில் சாய்ந்து கிடக்கின்றன. வரலாற்றுக்காகப் போனால் ஏமாற்றம், மாலை வெளிச்சத்துக்காகப் போனால் மூன்றிலும் இதுதான் அழகு. மீனவர்கள் படகில் மணல்திட்டு வரை கூட்டிப் போவார்கள், கூலியை ஏறுமுன் பேசிவிடுங்கள். முகத்துவாரத்தில் இழுப்பு உண்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். நிழலும் கழிவறையும் எதிர்பார்க்க வேண்டாம், அதைக் கடப்பாக்கத்திலேயே முடித்துக்கொண்டு வர வேண்டும்.

சுற்று ஊரில் செய்யூர் கந்தசாமி கோயில். 27 நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு வேதாளம், அவரவர் நட்சத்திரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. இன்னும் தெற்கே போனால் மரக்காணம் உப்பளங்கள், சாலையோரம் வெள்ளைக் குவியல்கள். லேட்டாக எழுந்த குடும்பத்துக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இது சரி. ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து உத்தண்டி வரை ஊரே திரும்பிக்கொண்டிருக்கும்.

தரங்கம்பாடியைச் சிலர் சேர்த்துக் கேட்பார்கள். 1620-ல் டேனியர்கள் கட்டிய அந்தக் கோட்டை சென்னையிலிருந்து 270 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்புவதிலேயே நாள் போய்விடும், ராத்தங்கலோடு போங்கள்.

## அப்புறம் என்ன ஆயிற்று?

இத்தனையையும் சொல்லி, மாமியார் முழங்காலை வைத்து வேலூர்தான் என்று சித்தி மகளுக்குத் தீர்ப்பும் சொன்னேன். அவள் அதை வீட்டில் சொன்னதும் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லையாம். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் விடிய விடியத் தேசிங்கு ராஜன் கதைப்பாட்டுக் கேட்டவராம், போனால் செஞ்சிதான் என்றுவிட்டார்.

போனார்கள். அப்பாவும் பிள்ளையும் ராஜகிரி ஏற, மாமியார் குதிரை லாயத்தின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். தேசிங்கின் பாராசாரிக் குதிரையை இங்கேதான் கட்டியிருப்பார்கள் என்று ஒரு வளைவையும் தேர்ந்தெடுத்துவிட்டார். பன்னிரண்டரைக்கு இருவரும் இறங்கி வந்தபோது, அங்கே வந்த இரண்டு கல்லூரிப் பெண்களை எதிரில் உட்கார வைத்துக் கதை நடந்துகொண்டிருந்ததாம். தேசிங்குக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.